அடுத்த டேபிள்

நெய் ரோஸ்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. சர்வர் தட்டோடு ஹாலுக்குள் நுழைந்ததுமே அத்தனை தலைகளும் அதன் பக்கம் திரும்பின.

"என்னை விண்டதும் 'மொறுக்'குனு ஒரு சத்தம் வரும் பாரு! அதைக் கேட்கத்தான் நான் பொறந்தேன்," என்றது, பக்கத்துத் தட்டிலிருந்த பூரியிடம்.

"சீக்கிரம் போய்ச் சேரணுமே! ஆறிட்டா நீ தொளதொள, நான் புஸ்!" என்று உப்பிய பூரியும் பரபரத்தது.

ரோஸ்ட் ஜன்னலோர டேபிளில் இறங்கியது. பூரி அடுத்த டேபிளுக்குப் போனது. ரோஸ்ட்டை நோக்கி ஆசையாக ஒரு கை வந்தது. வந்த கை பாதியிலேயே நின்றது.

"அடடா, அங்கே பூரி எப்படி உப்பியிருக்கு! அதையே சொல்லியிருக்கலாம்," என்றார் ஜன்னலோரக்காரர்.

ரோஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி அடுத்த டேபிளைப் பார்த்தது. அங்கே பூரி புஸ்ஸென்று அமுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கியவரோ ரோஸ்ட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஆகா, என்ன ஆசை அந்த மனுஷனுக்கு! அங்கே போயிருந்தால் இந்நேரம் என்னைக் கொண்டாடியிருப்பாரே! ரோஸ்ட் வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்தது.

அப்போதுதான் 'மொறுக்'கென்று அந்தச் சத்தம் வந்தது. ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. ரோஸ்ட்டுக்கு மட்டும் காதிலேயே விழவில்லை.