யாருடைய பயம்

நாச்சியாருக்கு இதய அறுவைச் சிகிச்சை. உள்ளே கொண்டுபோகுமுன் அவள் கையிலும் கணவர் சடகோபன் கையிலும் நர்ஸ் ஆளுக்கொரு பட்டை கட்டிவிட்டாள். பயந்தவர் பட்டை நீலமாக ஒளிரும்.

"பயப்படாத, நான் இருக்கேம்லா," என்று அவள் கையைப் பற்றினார் சடகோபன். இடி இடித்தாலும் லிஃப்ட் குலுங்கினாலும், கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் சொல்வார்.

நாச்சியார் பார்த்தாள். தன் பட்டை வெள்ளையாகவே இருந்தது. அவருடையது நீலமாக எரிந்தது. அவர் சட்டைக் கையை இழுத்து மூடினார். துணியை மீறி நீலம் தெரிந்தது.

"மெஷின் கோளாறு," என்றார்.

"உங்களுக்கு ஏது பயம்? அந்த நர்ஸ் பிள்ள ரெண்டையும் மாத்திக் கட்டிட்டா. அது என் பயம்லா."

சடகோபன் தலையாட்டினார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கையை விடாமல் கூடவே நடந்தவர், கதவருகே அவள் காதுப்பக்கம் குனிந்தார்.

"சரியாத்தான் கட்டியிருக்கா, நாச்சியா."