பருந்து வராத நாள்

செவலைக் கோழிக்குத் தினமும் காலையில் ஒரே கவலைதான். வானத்தில் பருந்து வட்டமிடும். கோழி இரையெடுக்காமல், "பிள்ளையாரப்பா, என் குஞ்சுகளைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டே நிற்கும். குஞ்சுகளோ கொண்டை முளைத்து, அம்மாவைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்ட சேவல்கள்.

ஒருநாள் பருந்து வரவேயில்லை.

"இன்னைக்காவது நிம்மதியா நாலு வாய் தின்னு அக்கா" என்றது பக்கத்துக் குளத்து வாத்து.

கோழிக்கு ஒரு நெல்கூட உள்ளே இறங்கவில்லை. "இந்நேரம் வந்திருக்கணுமேடி. நேத்து மழையில நனைஞ்சு காய்ச்சல் கண்டிருக்குமோ?"

"அக்கா, அது உன் பிள்ளைகளைத் தூக்க வர்ற பருந்து!"

"தெரியும்டி. அதுக்கும் ஒரு அம்மா இருப்பாளே!" என்ற கோழி கண்ணை மூடிக்கொண்டது. "பிள்ளையாரப்பா, அதை நல்லபடியா கொண்டுவந்து சேர்த்துடு. ஆனா பக்கத்துல வேணாம். நான் பார்த்துப் பயப்படுற தூரத்துல நிறுத்து."