மேலே மட்டும் அவர் பெயர்

ஒக்கலிபுரம் பாத்திரக்கடையில் மதிய வெயில் எவர்சில்வர் குடங்களில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. ஒரு மாதமாக ஆர்டரே வராத தன் கடை ஆப்பைத் திறந்து, ‘குக்கர்’ என்ற லிங்கைத் தொடுகிறார் வெங்கடசாமி. பக்கம் ஆப்புக்குள்ளேயே விரிகிறது. உச்சியில் அவர் கடைப் பெயர் சிவப்பு எழுத்தில் ஜம்மென்று நிற்கிறது. கீழே இருக்கும் குக்கர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எதிர்க்கடையுடையவை. ஆப் செய்துகொடுத்த மைத்துனன் சுனில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதுகிறான். “என்ன மச்சான் இது?” “எதிர்க்கடை பக்கம் ரெடியா இருந்துச்சு, லிங்க் மட்டும்தான் மாமா மாத்துனேன். மேல போர்டு உங்க பேர்லதான இருக்குது? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி,” கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்கிறான் கன்னடத்தில். வெங்கடசாமி நிமிர்ந்து எதிர்க்கடையைப் பார்க்கிறார். பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத எதிர்க்கடைக்காரர், டெலிவரிக்குக் குக்கர் பெட்டிகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போடுகிறார்.