காயாத கவுன்

"இந்த மரத்தடியில உக்காராதீங்க தம்பி. இங்க ஒரு பொண்ணு உலாத்துது."

ஆடு மேய்க்கிற சின்னம்மாள் சொன்னதும் அசோக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடிப்பெருக்குக்குப் பெரம்பலூர், அரியலூர் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் எல்லோரும் கட்டுச்சோறோடு திருமழபாடிக்கு வருவதாக ஏற்பாடு. முதல் நாள் உச்சி வெயிலில், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, மனைவி வினோதினியோடு கொள்ளிடக் கரைக்கு இடம் பார்க்க வந்திருந்தான். பந்தல் போட்ட மாதிரி நிழல், காலடியில் ஆறு. வேறென்ன வேண்டும்?

"ஆடு மடக்க நெழல் வேணும். அதுக்கு ஒரு பேய்க் கதை," என்றான் மனைவியிடம்.

வினோதினி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளையில் ஒரு சின்னப் பிள்ளையின் கவுன் தொங்கியது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குளித்த பிள்ளை என்று யாரையும் காணோம். காற்றே இல்லை. ஆனாலும் கவுன் மெல்லத் திரும்பியது.

"எந்நேரமும் ஈரமாத்தான் இருக்கும். காயவே காயாது," என்றாள் சின்னம்மாள்.

வினோதினி அசோக்கின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, கோயில் பக்கமே வெச்சுக்கலாம்."

"நீ வேற. நாளைக்கு இங்கதான்." மரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். "பிள்ளைங்க ஆத்துல மெதக்க டியூப் வாங்கியாச்சு," என்று உடனே பதில் வந்தது.

வண்டிக்கு வந்த பிறகுதான் மரத்தடியில் விட்ட ஹெல்மெட் ஞாபகம் வந்தது. வினோதினியை நிற்கவைத்துவிட்டுத் தனியாகத் திரும்பினான்.

கிளையில் கவுன் இல்லை.

ஆற்றுப் பக்கம் 'சளக் சளக்' என்று சத்தம் கேட்டது. அவ்வளவு பேசியவன் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். மெல்ல எட்டிப் பார்த்தான்.

கணுக்கால் தண்ணீரில் நின்று சின்னம்மாள் கவுனை முக்கிக்கொண்டிருந்தாள்.

"நெனச்சேன். ஊரை ஏமாத்துறீங்களாக்கா?"

அவள் கவுனைப் பிழியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அந்தா, அங்க மணல் அள்ளுன பள்ளம் தம்பி. மேலேருந்து பார்த்தா தெரியாது. எம் மவ அதுலதான் போனா. பள்ளம்னு சொல்லிப் பார்த்தேன். நீச்சல் தெரியும்னு எறங்குறாங்க. பேய்னு சொன்னாத்தான் எட்டிப் போறாங்க."

அசோக் அவள் காட்டிய தண்ணீரைப் பார்த்தான். நாளைக்கு அவன் பிள்ளையும் அங்கேதான் இறங்கியிருக்கும்.

போனை எடுத்துக் குரூப்பில் எழுதினான்:

"மரத்தடி வேண்டாம். கோயில் பக்கம் வாங்க. இங்க பேய் இருக்கு, என் கண்ணால பார்த்தேன்."