சுவரிலிருந்து இரண்டடி

முதலாளி அழகிரிசாமி கார்க் கதவை மெதுவாகச் சாத்தியதுமே வின்ஸ்டனுக்குத் தெரிந்துவிட்டது, மில் தப்பித்துவிட்டது.

காங்கேயத்தில் இந்த எண்ணெய் மில்லுக்கு அவன் வேலைக்கு வந்ததிலிருந்து இதே பேச்சுதான். கொப்பரை மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் வழிகாட்டுதலில் இருக்கிறதாம். ஒட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்த அதிகாரி, லைசென்ஸை நிறுத்தப்போவதாக நோட்டீஸ் கொடுத்திருந்தார். விசாரணை முடியும்வரை வம்பு வேண்டாமென்று முதலாளி மூட்டைகளைத் தள்ளி வைத்திருந்தார்.

லைசென்ஸ் போனால் கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் ஊருக்கு, வால்பாறை பஸ் ஏறுவான் என்று லாரி டிரைவர் தினமும் வம்பிழுப்பார். அந்தப் பயத்தில் வின்ஸ்டனுக்குச் சோறே இறங்கவில்லை.

முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். சட்டத்திலும் விதியிலும் இரண்டடி என்று எங்கேயும் இல்லையாம். வழிகாட்டுதலை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று மேலதிகாரியே நோட்டீஸை ரத்து செய்துவிட்டாராம்.

"அது சட்டமில்லீங்களாமா, வெறும் யோசனையாமா. எங்க மாமனாருங்கூடத்தான் நித்தம் நாலு யோசனை சொல்றாருங்க."

முதலாளி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். வின்ஸ்டனும் சிரித்தான்.

கையெல்லாம் எண்ணெய். போனை வாயருகே பிடித்து, மில்லை மூட மாட்டார்கள், வேலை போகாது, இனிமேல் நிம்மதியாகத் தூங்கு என்று அம்மாவுக்குச் சொன்னான். அவன் பேசப் பேசத் திரையில் எழுத்து விழுந்தது. எஸ்டேட் லைன் வீட்டில் டவர் வந்து வந்து போகும்; கிடைக்கும்போது தங்கை கிளாடிஸ் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள்.

டம்ளரை வைத்துவிட்டு முதலாளி குடோனைக் காட்டினார்.

"கண்ணு, மூட்டையெல்லாம் பழையபடி செவுத்தோட ஒட்டி அடுக்கிப்போடு. இன்னொரு வரிசை போட்டுக்கலாம்."

வின்ஸ்டன் உள்ளே போனான். மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து, பாயைச் சுருட்டினான். ஆணியில் தொங்கிய இரண்டு சட்டைகளையும் எடுத்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் வீடு உள்ளூரில். அவர்கள் போன பிறகு அவன் இங்கே வந்து ஒருக்களித்துப் படுத்துக்கொள்வான். முதலாளிக்குத் தெரியாது.

போன் அதிர்ந்தது. கிளாடிஸ் அனுப்பியிருந்தாள். அம்மா அழுதே விட்டாளாம். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லையாம். இரண்டு பேரும் கிளம்பி வருகிறார்களாம், ரூம் எடுத்திருப்பதாக அவன் சொல்லியிருந்தானே, அதிலேயே தங்கிக்கொள்வார்களாம்.

அவன் மைக்கை அழுத்தினான். பேசலாம் என்று திரை காட்டியது.

 போனைப் பைக்குள் போட்டுவிட்டு, முதல் மூட்டையைச் சுவர்ப் பக்கம் தள்ளினான்.