கைப்பிடிக்குள் துரு

வாள் வியாபாரி ஹிரோசே பட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வாளை, சேகரிப்பாளர் தட்சுமி விளக்கருகே சாய்த்துப் பார்த்தார்.

"ஆரம்பத்துல விளிம்பு பளபளத்தாப் போதும்னு வாங்குவேன். இப்பதான் இரும்புக்குள்ள ஓடுற ரேகை கண்ணுக்குத் தெரியுது. இது எழுநூறு வருஷப் பழசுன்னா, என்கிட்ட இருக்கிற மத்த வாளெல்லாம் உனக்கே! கைப்பிடியைக் கழட்டுப்பா. உள்ளே இருக்கிற துருதான் வயசைச் சொல்லும்."

ஹிரோசே மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். கைப்பிடிக்குள் இருந்த இரும்பு கண்ணாடியாய் மின்னியது.

"எந்த மடையன் துருவைத் தேய்ச்சான்? இனி எதை வச்சு வயசை நிரூபிக்கிறது?" என்று கத்தினார் தட்சுமி.

தேநீர் கொண்டுவந்த தட்சுமியின் மனைவி பட்டுப் பையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் தைச்ச பைங்க. நீங்க முதன்முதலா வாங்கி, அப்புறம் வித்துட்ட வாளுக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா கைப்பிடியைக் கழட்டி உப்புத்தாளால தேய்ச்சு, 'பாரு, புதுசாட்டம் ஆயிடுச்சு'ன்னு காட்டினீங்களே!"