ஆயிரத்து நூத்தி ஒண்ணு

மரக்காணம் உப்பளத்தில் பதினொரு மணி வெயில் பாத்தி பாத்தியாக மின்னிக் கண்ணைக் கூச வைக்கிறது. டீ குடிக்கக் கரையேறிய கீதாஞ்சலி துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து, அதன் நிழலுக்குள் போனைப் பார்க்கிறாள். புரோகிராமிங் வகுப்பில் இதுதான் முதல் பயிற்சி: பதிமூன்றை வெறும் ஒன்றும் பூஜ்ஜியமுமாக மாற்றும் புரோகிராம் எழுத வேண்டும். மூன்று முறைதான் அனுப்பலாம். இரண்டு முறை சிவப்புக் குறி விழுந்துவிட்டது. கரையில் சிந்திய உப்பை உள்ளங்கையால் பரப்பி, பதிமூன்றை இரண்டால் வகுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் மிஞ்சுவதை விரலால் வரிசையாக எழுதுகிறாள்: 1011. போனில் அவள் எழுதிய புரோகிராமிலும் அதேதான் வந்தது, அதைத்தான் தப்பு என்றது. எதிரே குந்தியிருக்கும் அண்ணி பாக்கியலட்சுமி டம்ளரை ஆட்டிக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். “இன்னா கீதா, ஆயிரத்து நூத்தி ஒண்ணுன்னு எழுதிக்கினு இருக்க?” “ஆயிரத்துப் பதினொண்ணு அண்ணி.” “எனக்கு ஆயிரத்து நூத்தி ஒண்ணுதான் தெரியுது.” உப்பில் ஊன்றிய விரல் அப்படியே நிற்கிறது. கீதாஞ்சலி எழுந்து, கால் தட்டி அண்ணியின் டீ கொட்டுவதைக்கூடப் பார்க்காமல், அவள் பக்கம் போய் ஒட்டி உட்காருகிறாள். இங்கிருந்து 1101. கடைசியில் மிஞ்சியதுதான் முதலில் நிற்க வேண்டும். புரோகிராமில் ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்புகிறாள். ஈசிஆர் ரோட்டில் பாண்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பச்சையாகிறது. “நான் தப்பாப் படிச்சிட்டனா?” என்கிறாள் அண்ணி, காலி டம்ளரோடு. “இல்ல அண்ணி. நான் உக்காந்த பக்கந்தான் தப்பு.”